விரல் தூக்காமல் விட்டவை

செல்வகுமாரியின் காலைகள் கண்ணில் தொடங்கியதே இல்லை. கண்ணை மூடியபடியே கிடப்பாள். கொல்லையிலிருந்து சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து அவளை மேலே இழுக்கும். முதலில் கரிச்சான், இருட்டு பிரிவதற்கு முன்பே. பிறகு செம்போத்தின் கனத்த ஊப், ஊப். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சண்டை போடும். தையல்சிட்டு மூச்சு விடாமல் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும். கொண்டைக்குருவி பேச ஆரம்பித்தால் பால்காரர் வரும் நேரம். பாகூருக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு வாழ வந்து முப்பது வருடம். கடிகாரம் பார்த்து அவள் அடுப்பு பற்றவைத்ததில்லை.

இப்போது விழிப்பு வந்துவிடுகிறது, எழுப்பியது எதுவென்று தெரிவதில்லை. ஏரித் தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பதுபோல் கிடப்பாள். மேலே எங்கோ எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, தனக்கு மட்டும் எட்டவில்லை என்று தோன்றும்.

"குருவிங்க கொறஞ்சி போச்சுங்க" என்றாள் ஒருநாள் கணவரிடம்.

நாகராஜன் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அதுங்க கத்திக்கினுதான் இருக்குது. ஒனக்குத்தான் காது மந்தமாயிட்டு வருது."

"எனக்கா?"

"நேத்து மூணு வாட்டி கூப்ட்டேன். வந்தியா?"

"மிக்சி ஓடிக்கினு இருந்துச்சு."

"எல்லாரும் மொதல்ல மிக்சி மேலதான் பழி போடுவாங்க."

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குப் பதிலாக, வெயிலில் நடந்து வந்து ஈரத் தரையில் கால் வைத்ததுபோல் ஒன்று உள்ளே பரவியது. காதுதான் என்றால் குறைந்தது எதுவும் இல்லை. அவை எல்லாம் அதே இடத்தில், அதே நேரத்தில் கூவிக்கொண்டிருக்கின்றன. போவது அவள்தான், அவை இல்லை.

அந்த நினைப்பை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். மதிய வேளைகளில் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து, கேட்காத குரல்களை எல்லாம் அதனதன் இடத்தில் வைத்துப் பார்ப்பாள். முருங்கையில் தேன்சிட்டு, கிணற்று மேட்டில் மைனா. மகள் இளவரசி வில்லியனூரிலிருந்து போன் செய்தால் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே "இன்னா? இன்னா சொன்னே?" என்பாள்.

அதனால் வந்தது வினை. "யம்மா, ஒன்கிட்ட கத்திக் கத்திப் பேசி எங்க மாமியாருக்கே காது போயிடும்போல இருக்குது. வியாழக்கெழம வர்றே. அரியூர் ஆஸ்பத்திரில காட்டறோம்" என்றாள் இளவரசி.

செல்வகுமாரி புதுப் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வில்லியனூரில் மகள் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள்.

"மிஷின் வெச்சிக்கச் சொன்னா வெச்சிக்கோம்மா. கம்மல் மாதிரி நெனச்சிக்க."

"கம்மல காதுக்குள்ளயா சொருகுவாங்க?"

"இது மட்டும் நல்லா கேக்குது ஒனக்கு."

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் எதுவும் இல்லை என்று சொல்லி, பரிசோதனை அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணின் பெயர் ஆரோக்கியசெல்வி என்று சட்டையில் குத்தியிருந்தது. இளவரசியை வெளியே உட்கார வைத்துவிட்டு, செல்வகுமாரியைக் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டினாள்.

"கீ கீன்னு சத்தம் வரும்மா. ரொம்ப மெல்லிசா இருந்தாலும், கேட்டா விரல் தூக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க."

கதவு மூடியதும் உலகம் நின்றுபோனது. இப்படி ஒரு நிசப்தத்தை அவள் அறிந்ததில்லை. தன் எச்சில் இறங்குவது கேட்டது. கண்களை மூடிக்கொண்டாள்.

முதலில் தடித்த ஒரு சத்தம், ஊப் என்று. விரல் தூக்கினாள். இன்னொன்று, அதற்கும் தூக்கினாள். பிறகு மெலிந்து, உயர்ந்து, நூல் முனைபோல் ஒன்று வந்தது.

தையல்சிட்டு.

வயர் வழியாக வரும் சத்தம்தான் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இலைக்குள் எங்கோ உட்கார்ந்து அது கூப்பிட்டது. அவள் விரல் மடியிலேயே இருந்தது. அதற்கு மேல் இன்னும் மெல்லியதாக ஒன்று, பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டே தேன்சிட்டு போடும் குரலாக. அதையும் போகவிட்டாள். ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு, கேட்காதவளாக உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாயிற்று இத்தனை குரல்கள் கேட்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் போதும். காதுதான் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவை அங்கேயே இருக்கும்.

ஆரோக்கியசெல்வி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளையே பார்த்தாள். இரண்டாவது முறையும் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறையும். பிறகு உள்ளே வந்து, ஹெட்போனைக் கழற்றி, அதைத் துடைத்தபடி அவள் முதுகுப் பக்கம் போய் நின்றாள்.

"பாவம், முந்தானையில வெலச்சீட்டு அப்படியே தொங்குது" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

செல்வகுமாரியின் கை சட்டென்று முந்தானைக்குப் போனது. தேடினாள். அங்கே எந்தச் சீட்டும் இல்லை.

ஆரோக்கியசெல்வி முன்னால் வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் இல்லை. "இன்னாம்மா நீங்க. கேக்கலன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

செல்வகுமாரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பிடிபட்டதுபோல் இருந்தது.

"காது போயிருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன்மா."

"யாராவது அப்படி நெனப்பாங்களா?"

"கொல்லையில குருவி சத்தமே கேக்கல. எனக்குக் காது போயிருந்தா, அதுங்க இருக்குது இல்ல?"

ஆரோக்கியசெல்வி ஹெட்போனை மறுபடியும் கையில் எடுத்தாள். "சரி, மறுபடியும் மாட்றேன். இந்த வாட்டி ஒழுங்கா தூக்குங்க. நான் பொய் எழுத முடியாது" என்றாள்.

இந்த முறை அவள் எல்லாவற்றுக்கும் தூக்கினாள். கடைசி வரை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தேய்ந்த சத்தத்துக்கும்.

காதில் குறை எதுவும் இல்லை என்று எழுதிய தாளோடு பஸ்ஸில் திரும்பினாள். நல்ல காதுகள் அவளைச் சும்மா விடவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கண்டக்டர் விசிலைத் துடைத்தது, பின் சீட்டுக் குழந்தைக்கு விக்கல் எடுத்தது எல்லாம் கேட்டன. அவற்றுக்கு நடுவே, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு காலையின் சத்தமும் வந்தது. ஜேசிபி.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் குமரவேலுக்குப் பெண் முடிவாகியிருந்த நேரம். பெண் வீட்டார் கை நனைக்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, அங்கே ஒருவேளை சாப்பிட்டுக் கை கழுவினால் சம்மதம் உறுதி. அதற்குப் பத்து நாள் முன்பு கொல்லையைச் சுற்றியிருந்த கிளுவை வேலி அவள் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. கோவைக்கொடி ஏறி, நொச்சி முளைத்து, ஆள் உயரத்துக்குப் புதராக நின்ற வேலி.

"அத்த எடுத்துட்டு காம்பவுண்டு போட்டுடலாங்க. பட்டிக்காடுன்னு நெனச்சிப்பாங்க" என்றாள்.

"வேலி ஒன்ன இன்னா பண்ணுது?" என்றார் நாகராஜன்.

"பாம்பு வருது."

பாம்பு வந்ததில்லை. ஒரே காலையில் வேலி போனது. பெண் வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், முன்வாசல் பைப்பிலேயே கை கழுவினார்கள். கொல்லைப்பக்கம் எட்டியே பார்க்கவில்லை. ஆனால் வேலி போன அன்று, வாயில் புழுவோடு ஒரு கொண்டைக்குருவி சாயங்காலம் வரை அந்த வெட்டவெளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. செல்வகுமாரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரைக்காய் நறுக்க உள்ளே போனாள்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இத்தனை நாள் அந்தக் குருவியைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் காதை அடைத்துக்கொண்டிருந்தாளா?

வீட்டில் நாகராஜன் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். "இன்னா சொன்னாங்க?"

"காது நல்லாருக்குதாம்."

அவர் முகம் விழுந்தது. மனைவிக்குக் காது கேட்கிறது என்பதற்கு இப்படி விழும் முகத்தை அவள் பார்த்ததில்லை. "செரியா பாத்தாங்களா? ரெண்டு காதையும் பாத்தாங்களா? வேற எடத்துல வேணா ஒருதபா காட்டுவமா?"

அவள் அவரையே பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் காதாகவே இருக்க வேண்டியிருந்தது. காரணம் காது இல்லையென்றால் அடுத்து அவள் எங்கே போய் நிற்பாள் என்று அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

"குருவிங்க கொறயறத நீங்களும் பாத்துக்கினுதான் இருந்தீங்க" என்றாள்.

நாகராஜன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "ஏர் ஓட்டுனா மைனா பின்னாலயே வரும். இப்ப டிராக்டர் பின்னால மூணு கொக்குதான் வருது. வயல்லயும் இல்ல குமாரி. மருந்து, அது இதுன்னு எவ்வளவோ. வேலியால மட்டும் இல்ல."

"வயலு எனக்குத் தெரியாது. வேலி தெரியும். நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"வண்டிக்காரனுக்கு டீ வாங்கியாந்து குடுத்து, இங்கருந்து ஆரம்பிப்பான்னு கை காட்டுனது யாரு? நானு."

செல்வகுமாரி ஆஸ்பத்திரித் தாளை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் விழிப்பு வந்தபோது அவள் தண்ணீருக்கு அடியில் கிடக்கவில்லை. எழுந்து கொல்லைக்குப் போனாள். துணி துவைக்கும் கல்லில் நாகராஜன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் விட்டார். வானம் சாம்பல் நிறத்தில் இளகிக்கொண்டிருந்தது. வேலி இருந்த இடத்துச் சுவர் ஈரத்தில் கறுத்திருந்தது.

வெகுநேரம் கழித்து, தூரத்து மின்கம்பியில் கரிச்சான் ஒரு முறை கூவியது.

"கரிச்சான்" என்றாள். "ஒண்ணு."

பிறகு இரண்டு மைனா. முருங்கையில் ஒரு தேன்சிட்டு. ஒரு கொண்டைக்குருவி சுவருக்கு மேலே பறந்து வந்து, உட்காராமலே தாண்டிப் போனது. அவள் ஒவ்வொன்றையும் சொன்னாள். கேட்காத எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. சேர்த்துச் சொல்ல நாக்கு வரை வந்தது.

அவர் காத்திருந்தார். வெளிச்சம் சுவரின் உச்சியைத் தொட்டது.

"அவ்வளவுதான்" என்றாள்.

நாகராஜன் எழுந்துகொள்ளவில்லை. "இன்னும் செத்த நேரம் ஒக்காரலாம்" என்றார்.