வாசலில் தொங்கிய மூஞ்சி

பல்கலைக்கழக வாசலில் தன் மூஞ்சியையே எட்டடி உயரப் பேனரில் பார்த்ததும் நாரேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்க்கைப் படிவத்தில் ஒட்டிக் கொடுத்த போட்டோ. கீழே கொட்டை எழுத்தில், "சியோல் வேண்டாம் என்றார், எங்களைத் தேடி வந்தார்! இயந்திரப் பொறியியல் துறையின் பெருமை, பியோன் நாரே!"

ஒரு வார்த்தை அவளைக் கேட்டார்களா? கேட்கவில்லை.

சியோலில் பேர்பெற்ற இடத்தில்தான் இரண்டு வருஷம் படித்தாள். பேர்தான் பெரிசு. வகுப்புக்கு இருநூறு பேர். லேத் ஓடும்போது முப்பது தலைகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி, ஒரு போல்ட்டைக்கூடத் தன் கையால் கடைந்ததில்லை. அந்தக் கடுப்பில்தான் தெற்குக் கோடியில் மொக்போவில் இருக்கும் இந்தச் சின்ன இடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் ஆண்டில் மொத்தமே பத்தொன்பது பேர், நாலு பேருக்கு ஒரு லேத். "சொந்தக்காரங்க மூஞ்சில எப்படிடி முழிப்பேன்?" என்று போனை வைத்த அம்மா இன்றுவரை அவளோடு பேசவில்லை. போகட்டும், லேத் கிடைத்தால் போதும் என்றிருந்தாள்.

இப்போது அதற்கே ஆப்பு. குழு சேராதவர்களுக்குப் பட்டறையில் இடமில்லை. போன வாரம் "எங்க குழுவுக்கு வாங்கக்கா" என்று கூப்பிட்ட வகுப்புப் பையன் ஹியோக், இன்று பட்டறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, சியோல் அக்கா. பேனர்ல ஏறின கையில கிரீஸ் படலாமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க வந்தது பெருமையாம். ரெண்டு வருஷமா இங்கயே கிடக்கற நாங்க என்ன, குப்பையா?"

"நான் போடச் சொல்லலடா!"

"வேணாம்னும் சொல்லலையே."

விறுவிறுவென்று துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் நிதானமாகக் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேனரை எடுங்க சார்."

"ஏம்மா, போட்டோ நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"என்னைக் கேக்காம எப்படி சார் போடலாம்?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அதான் கேக்கல." கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொன்னார். "ஆள் சேரணும்ல?"

இவர்களெல்லாம் மனிதர்களா! காவலாளி சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து ஏணியைச் சாத்தி ஏறினாள். முதல் கயிற்றை அறுத்ததும் பேனர் பாதி சரிந்து, அவள் முகம் நாடியோடு மடிந்து தொங்கியது. அடுத்த கயிற்றில் கத்தியை வைத்தபோது ஹியோக் ஓடி வந்தான். சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தாள்.

"அறுக்காதீங்க! திரும்பக் கட்டுங்க!"

"உனக்குப் பைத்தியமா? காலையில இதுக்காகத்தானே என்னை அந்தக் கிழி கிழிச்ச?"

"இப்பவும் கிழிப்பேன். இதைப் பாத்தா வயிறு எரியுது. ஆனா வர்ற வருஷம் முப்பது பேர் சேரலன்னா துறையை இழுத்து மூடிடுவாங்களாம். பிடிக்கலன்னதும் மூட்டையைக் கட்டிக்கிட்டு கிளம்பி வந்தீங்களே, எங்களால முடியுமா? எங்களை யாரு சேத்துப்பாங்க?"

நாரே கத்தியை இறக்கினாள். கோபம் அப்படியே இருந்தது, இறக்கி வைக்கத்தான் ஆள் இல்லை. துறைத் தலைவர் மேல் எறியலாம் என்றால் அவருக்கும் போக்கிடம் இல்லை. இவன் மேலும் எறிய முடியாது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

சரிந்த முனையை இழுத்து, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு, தன் மூஞ்சியைத் தன் கையாலேயே கம்பத்தில் கட்டினாள். ஹியோக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்துடுங்க. அதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நானும் ஒருத்தரையும் மன்னிக்கலடா," என்றாள் நாரே. கயிற்றைப் பல்லால் கடித்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.