ஒன்பது பொட்டுக் கேமரா

மற்றவர்கள் வைத்திருப்பது கேமரா. சுதர்சன் வைத்திருப்பது சிஸ்டம். அரியலூர் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஸ்டுடியோ நடத்தும் அவர், இரண்டு பழைய கேமராக்களையும் பெரம்பலூர்க்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டு இதைப் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தார். மொத்தம் ஒன்பது பாகம். நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்று. லென்ஸ் அதன் முகத்தில். கைப்பிடி தனி, கண்ணை வைத்துப் பார்க்கும் குழல் தனி, திரை தனி, பெரிய பேட்டரி தனி. வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றி வைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. வேண்டாதது என்று சுதர்சன் எதையும் கழற்றியதில்லை.

மாட்டுவதை அவர் வீட்டில் செய்யமாட்டார். விசேஷ வீட்டில் நாலு பேர் பார்க்கச் சூட்கேசைத் திறந்து, கறுப்புப் பஞ்சுக்குள் படுத்திருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, ‘டிக்’ என்று பொருத்துவார். ஆபரேஷன் தியேட்டர் அமைதி நிலவும். இரண்டு காதுகுத்தும் ஒரு மஞ்சள் நீராட்டும் இந்த ஆபரேஷனில் பிழைத்திருந்தன.

ஆயுத பூஜை வந்தது. கோலம் போட்ட பலகையில் பாகங்களைப் பரப்பிவிட்டு அவர் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குக் கிளம்பினார். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மனைவி லாவண்யா கேட்டாள்.

“ஏங்க, இதுல எதுங்க கேமரா?”

“எல்லாமேதான். ஒவ்வொண்ணும் தனித்தனிக் கருவி. உனக்குச் சொன்னா புரியாது.”

நன்றாகவே புரிந்தது. தனித்தனிக் கருவி என்றால் தனித்தனிப் பொட்டு. கண்ணாடியில் வைத்தால் கறையாகும் என்று அவளுக்கே தெரியும் என்பதால் வேறு இடம் தேடினாள். ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் நெற்றி மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதற்குள் தங்க நிறத்தில் பொடிப் புள்ளிகள். பொட்டுக்கென்றே கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அதில் அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். மறுநாள் காலை சூட்கேசில் அடுக்கியதும் அவள்தான்.

புரட்டாசியில் இந்துக் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் சுதர்சனுக்குச் சோறு போடுவது கிறிஸ்தவர்கள் நிறைந்த வரதராஜன்பேட்டைதான். அன்று அங்கே மாதா கோவிலில் செபஸ்டின் வாத்தியாரின் இளைய மகள் சுகன்யா மேரிக்குக் கல்யாணம். வாத்தியார் பேச்சை வளர்க்கவில்லை.

“தம்பி, மூத்தவ கல்யாண ஆல்பத்துல தாலி கட்டுற படம் பூரா போட்டோக்காரர் முதுகு. ஒருத்தர் வீடியோ, ஒருத்தர் ஸ்டில்லு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மறைச்சுட்டாங்க. அதான் இந்தத் தடவை நீங்க ஒருத்தர் மட்டும். வேற எது தப்பிப்போனாலும் சரி, அந்த ஒரு படம் தப்பக்கூடாது.”

“சார், இது ஒன்பது பாகம். எப்படி சார் தப்பும்?”

கோவில் வாசலில் மாப்பிள்ளைத் தோழர்கள் சூழ்ந்து நிற்க, சூட்கேஸ் திறந்தது. கைப்பிடியைப் பொருத்தினார். ‘டிக்’ வரவில்லை, ‘நச்’ என்றது. திரையை மாட்டினார். கறுப்பாகவே இருந்தது. பேட்டரியை மாட்டினார். நடுப்பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. சட்டைமேல் காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது.

சுவரோரம் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

“லாவண்யா, பொட்டு எங்கடி வெச்ச?”

“எல்லாத்துலயும் வெச்சுட்டேங்க. ஒண்ணையும் விடல.”

கைக்குட்டையால் துடைத்தார். கரண்ட் பாயவேண்டிய தங்கப் புள்ளிகளுக்குள் சந்தனம் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டது. குச்சியால் நோண்டினார். விளக்கு விடாமல் மினுக்கியது. வாத்தியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன தம்பி, இன்னும் மாட்டிக்கிட்டே இருக்கீங்க? உள்ள ஃபாதர் தாலிய மந்திரிக்கிறாரு!”

இனி நோண்டிப் பயனில்லை என்று சுதர்சனுக்குத் தெரிந்தது. மாட்டியதையெல்லாம் பிடுங்கிச் சூட்கேசில் எறிந்தார். கைப்பிடி போயிற்று, திரை போயிற்று, பேட்டரி போயிற்று. கடைசியில் கையில் மிஞ்சியது அந்தச் சோப்புப் பெட்டி மட்டும். தன்மேல் சொருகியது எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அது தன் சொந்தச் சின்ன பேட்டரியில் பச்சை விளக்குக் காட்டியது.

“அண்ணே, இதென்ன, டார்ச் லைட்டா?” என்றான் ஒரு தோழன்.

சுதர்சன் அவனைத் தாண்டி உள்ளே ஓடினார். பார்க்கக் குழல் இல்லை, திரை இல்லை. பெட்டியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தன் இரண்டு கண்ணாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தபடி பட்டனை அமுக்கினார். மாப்பிள்ளையின் விரல் முடிச்சுப் போடத் தடுமாறியது. செந்துறை எல்லையம்மனிலிருந்து அடைக்கல மாதா வரைக்கும் பெயர் சொல்லி முணுமுணுத்துக்கொண்டு நின்ற சுதர்சனைச் சுகன்யா மேரி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

படம் விழுந்ததா இல்லையா என்று பார்க்க வழியில்லை. திரும்பும்போது உடையார்பாளையத்தில் வண்டியை நிறுத்தினார். டீயை ஆறவிட்டு, பெட்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் போட்டபோது தாலி கட்டும்போது எடுத்த மற்றவையெல்லாம் கூரையும் காலுமாக இருந்தன. ஒன்று மட்டும் விழுந்திருந்தது. முடிச்சு, மாப்பிள்ளையின் விரல், உதட்டைக் கடித்துச் சிரிக்கும் பெண், பின்னால் வாயைத் திறந்தபடி வாத்தியார். எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, கப்பலில் கல்யாணம் நடந்த மாதிரி.

ஆல்பம் வாங்க வந்த வாத்தியார் நேராகத் தாலி கட்டும் பக்கத்தைத் தேடிப் புரட்டினார். சுதர்சன் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சாய்ஞ்சிருக்கே தம்பி?”

“அது… அப்படித்தான் சார், இப்ப டிசைனு.”

“சாயட்டும்.” வாத்தியார் படத்தை விரலால் தடவினார். “எவன் முதுகும் இல்ல பாருங்க.”

வாத்தியார் ஆல்பத்தோடு தெருவுக்குப் போனதும் சுதர்சனுக்கு மூச்சு வந்தது. அடுத்த வாரமே பெருமையும் வந்துவிட்டது. பழைய போர்டைக் கழற்றிவிட்டு, ‘சுதர்சன் மினிமல் போட்டோகிராபி’ என்று புதுப் போர்டு மாட்ட ஏணியில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த லாவண்யாவிடம் அதற்கு விளக்கமும் சொன்னார்.

“தேவையில்லாததை எல்லாம் விட்டுடறது. அது ஒரு தத்துவம். உனக்குச் சொன்னா புரியாது.”

“புரியுதுங்க,” என்றாள் லாவண்யா. “அப்ப அடுத்த வருசம் ஒரு பொட்டு போதும்.”