‘மக்கள்’ என்ற சொல்லுக்கு நாலு மணிவரை கெடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. செமேயில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பால் விட்ட தேநீரைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்துக்கொண்டே கலாம்காஸ் சொன்னது. சொன்னது என்பதைவிடக் கொட்டித் தீர்த்தது என்பதுதான் சரி. அவள் தலைநகர் அஸ்தானாவில், வெளியுறவு அமைச்சகத்தில் வேலையில் இருக்கிறாள். அணு ஆயுத விவகாரங்கள் அவளுடைய மேசைக்கு வரும். அவளுடைய அண்ணன் சாயாத்தின் ரத்த நோய்க்கு நான் வைத்தியம் பார்க்கிறேன். மருத்துவம் படிக்க இந்த ஊருக்கு வந்து, குளிரைத் திட்டிக்கொண்டே இருபது வருஷமாக இங்கேயே தங்கிவிட்டவன் நான்.

"இதை நான் எழுதட்டுமா?" என்றேன்.

"எந்த மொழியில?"

"தமிழ்ல."

"எங்க ஆபீஸ்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல. தாராளமா எழுது. பேரைக்கூட மாத்தாத."

(மாற்றிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: ‘செமேக்கு மேற்கே புல்வெளியில், ஒரு விடியற்காலையில், இரண்டாவது சூரியன் உதி—’

நிறுத்திவிட்டேன். குண்டைப் பற்றி எழுதுகிறவன் எல்லாம் இரண்டாவது சூரியனைத்தான் எழுதுகிறான். அந்தப் புல்வெளியில் நாற்பது வருஷம் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள். சுற்றிலும் ஊர்கள் இருந்தன, ஊர்களில் ஜனங்கள் இருந்தார்கள். இதற்கு உவமை ஒரு கேடா?

இரண்டாவது தொடக்கம்: ‘அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வு மாநாடு கூடுகிறது. அதற்கு முன்னால் ஆயத்தக் கூட்டங்கள். ஆயத்தக் கூட்டங்களுக்கும் ஆயத்தமாக, சிறிய நாடுகள் குழு சேர்ந்து கூட்டு அறிக்கை எழுதிக்கொண்டு—’

இது செய்தித்தாள். ஆனாலும் இந்தத் தகவல் உங்களுக்கு வேண்டும், அடிக்காமல் விடுகிறேன்.

மூன்றாவது: ‘ஒரு வாக்கியம் இருந்தது.’

இது போதும்.

3

அந்த வாக்கியம் இதுதான்: "அணுகுண்டுச் சோதனைகளால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு மருத்துவ உதவி செய்வது, சோதனை நடத்திய நாடுகளின் கடமை."

கலாம்காஸ் எழுதியது. ஒன்பது நாடுகள் சேர்ந்து தயாரித்த கூட்டு அறிக்கையில் இந்த ஒரு வரியை நுழைக்க இரண்டு வருஷம் நாயாய் அலைந்தாள். சிரிக்கக் கூடாத ஆட்களிடம் சிரித்தாள், பிடிக்காத விருந்துக்கெல்லாம் போனாள்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒத்துக்கொள்ளாத சொல்லைச் சதுர அடைப்புக்குள் போட்டுவிடுவார்கள். சொல் அங்கேயே இருக்கும், ஆனால் ஜாமீனில் வந்தவன் மாதிரி பயந்துகொண்டு இருக்கும். எனக்கு இந்த வழக்கம் பிடித்துப்போனது. இந்தக் கதையை வரிவரியாக அவளிடம் வாய்மொழியாகச் சொல்லிக் காட்டினேன். அவள் ஒத்துக்கொள்ளாதவை அடைப்புக்குள் இருக்கின்றன.

இன்னொரு வழக்கமும் உண்டு. கழுத்தை அறுத்தது அதுதான். குழுவை நடத்துகிற நாடு, கடைசி வரைவை எல்லோருக்கும் அனுப்பி ஒரு கெடு வைக்கும். கெடுவுக்குள் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் எல்லோரும் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. மௌனம் சம்மதம். நம் ஊரில் பெண் பார்க்கப் போன இடத்தில் பேசுகிற அதே நியாயம்தான். அங்கேயும் அந்தப் பெண்ணை யாரும் கேட்பதில்லை.

குழுவை நடத்திய நாடு [      ]. இந்த அடைப்பைக் காலியாக விட்டவன் நான். பெயரைச் சொன்னால் தமிழ் தெரியாத ஆபீசுக்கும் விஷயம் போய்விடும்.

கெடு மார்ச் இருபத்திரண்டு, செமே நேரப்படி மாலை நாலு மணி. மார்ச் இருபத்திரண்டு நௌரூஸ், இங்கே புத்தாண்டு. அன்றைக்கு எந்த ஆபீசிலும் ஈ காக்கை இருக்காது. [தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது.]

இந்த அடைப்பைப் போடும்போது அவள் கிண்ணத்தை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"தற்செயலா? எங்க நாட்டுக் காலண்டர் அவங்க ஆபீஸ் சுவத்துல தொங்குது. லீவு நாளெல்லாம் சிவப்புல போட்டிருக்கும். நான்தான்யா கொண்டுபோய்க் குடுத்தேன்!"

4

அன்று சாயாத் வீட்டில் விருந்து. முதன்மை விருந்தாளி நூர்கலி, கலாம்காஸின் துறைத் தலைவர். அவரும் செமே பக்கத்துக்காரர்தான், பண்டிகைக்கு ஊர் வந்திருந்தார். மரியாதைக்கு எல்லோரும் அவரை ‘நூரெக்கே’ என்பார்கள். கெடுவுக்குள் மறுப்புச் சொல்ல இந்த நாட்டில் அவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். பெரிய வேலை ஒன்றுமில்லை, போனில் ஒரே ஒரு வரி அனுப்பினால் போதும்.

நௌரூஸ் கஞ்சி முடிந்து, அவித்த ஆட்டுத்தலையை நூர்கலி முன்னால் வைத்தார்கள்; அதை அறுத்துப் பங்கு வைப்பது முதன்மை விருந்தாளியின் வேலை. அப்போதுதான் கலாம்காஸின் மடியில் போன் அதிர்ந்தது. கடைசி வரைவு வந்திருந்தது. மேசைக்கு அடியில் வைத்துப் படித்தாள். அவளுடைய வாக்கியம் இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது: "பாதிக்கப்பட்ட பகுதிகளின் நிலை கவனத்தில் கொள்ளத்தக்கது." மக்கள் போய்விட்டார்கள். கடமை போய்விட்டது. நாலு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

"நூரெக்கே, ஜெனிவாவுலேர்ந்து ஒண்ணு வந்திருக்கு. நாலு மணிக்குள்ள நாம..."

"கண்ணு, கையில ஆட்டுத்தலைய வெச்சிருக்கேன். இப்பவா ஆபீஸ்?"

"‘மக்கள்’ங்கிற வார்த்தைய எடுத்துட்டாங்க."

அவர் கையிலிருந்த கத்தி நின்றது. முகம் கறுத்தது. "எடுத்துட்டானுங்களா? சரி, காதை அறுத்துப் பசங்களுக்குக் குடுத்துட்டுக் கை கழுவிட்டு வரேன். நீ எழுதித் தயாரா வை."

அவள் எழுதினாள். அவரும் எழுந்திருக்கத்தான் போனார். அதற்குள், ஒன்றும் தெரியாத சாயாத், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சந்தோஷமாகக் கத்தினான்.

"நூரெக்கே! எழுந்துக்காதீங்க, முதல்ல எங்களுக்குப் பாத்தா குடுங்க!"

பாத்தா என்பது பெரியவர் கொடுக்கிற ஆசி. கேட்டால் மறுக்கக் கூடாது. எல்லோரும் உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு உட்காருவார்கள். அவர் ‘ஆமீன்’ சொல்லும்வரை யாரும் எழக் கூடாது, பேசக் கூடாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கலாம்காஸுக்கு இது தெரியும். குறுக்கே பேசினால் ஆசி முறிந்துவிடும். இன்றைய ஆசியோ, போன வருஷம் பாதி நாளை ஆஸ்பத்திரியில் கழித்த அவள் அண்ணன் கேட்டது.

நூர்கலி அவளைப் பார்த்தார். சுருக்கமாக முடித்துவிடலாம் என்று அவரும் நினைத்திருப்பார். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. மூன்று நிமிஷம் கொடுக்கிற சபையில் ஐந்து நிமிஷம் பேசிப் பழகிய மனிதர் அவர். மாடு கன்று பெருகக் கேட்டார். மழை கேட்டார், நாட்டுக்குச் சமாதானம் கேட்டார். கடைசியில் சாயாத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்த வீட்டுப் பிள்ளை சாயாத்துக்கு நீண்ட ஆயுசக் குடு. அவன் ரத்தம் சுத்தமாகட்டும். அவனுக்கு வந்தது அவன் பிள்ளைங்களுக்கு வேணாம்."

விரித்த கைகளுக்குக் கீழே, மடியில் போன் மறுபடி அதிர்ந்தது. குனிந்து பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ‘மறுப்பு எதுவும் வரவில்லை. வரைவு ஏற்கப்பட்டது. அனைவருக்கும் நன்றி.’

[கலாம்காஸ் எழுந்து நின்று கத்தினாள்.]

"நான் எங்க கத்தினேன்? நல்ல பொண்ணா கையை விரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆமீன்னு சொல்லி முகத்தைத் தடவிக்கிட்டேன். அதை அப்படியே எழுது. எனக்காகப் பொய் சொல்லாத."

5

நூர்கலியை வில்லனாக்கப் பார்த்தேன். ஒரு பத்தி முழுக்க அவருக்குத் தொப்பையும் தங்கப் பல்லும் வைத்தேன். அவர் கெட்டவராக இருந்தால் என் வேலை சுலபம், உங்களுக்கும் நிம்மதி. ஆனால் அந்த ஆள் மறுநாளே [      ]க்கு எழுதியிருக்கிறார்: பண்டிகை நாள், எங்களால் பதில் சொல்ல இயலவில்லை, மறுபடி பேசலாம். பதில் உடனே வந்தது: ‘நடைமுறை முடிந்துவிட்டது. உங்கள் புத்தாண்டுக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்.’

மனமார்ந்த. இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குண்டு போட்டுப் பார்த்தவனாவது நம்மைக் கண்டுகொள்ளவில்லை. இவர்கள் வாழ்த்து வேறு அனுப்புகிறார்கள்.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பகுதிக்கு வாந்தி வராது. பகுதி என் வார்டில் படுத்துக்கொண்டு, ‘டாக்டர், பேரன் கல்யாணம் வரைக்கும் தாங்குவேனா?’ என்று கேட்காது. இருபது வருஷத்தில் ஒரு பகுதிக்கும் நான் ஊசி போட்டதில்லை.

சாயாத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. என் வார்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தான். தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்ப நான் இப்ப என்ன?" என்று கேட்டான்.

"பகுதி."

"எந்தப் பகுதி? மலையா, ஆறா?"

"சும்மா இருண்ணா."

"இல்ல, தெரிஞ்சிக்கிறேன். இருபத்தேழு வருஷம் லாரி ஓட்டியிருக்கேன், என்மேல யாரும் ரோடு போடலியே." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பாத்தாவ நான்தானே கேட்டேன்?"

அவள் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏய், கேக்கிறேன்ல? எனக்கு ஆயுசு குடுன்னு அந்த மனுஷன் கேட்டுக்கிட்டிருக்கிறப்ப அவனுங்க என்னை அழிச்சானுங்களா?"

பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ கதை எழுதுறியாமே. உன் கதையில நான் பாவம்போலப் படுத்துக் கிடந்தேன்னா, எழுந்து வந்து உதைப்பேன்."

6

அடுத்து ஜெனிவாவில் ஆயத்தக் கூட்டம் வருகிறது. ஒன்பது நாடுகளின் பெயரில் அந்த அறிக்கையைச் சபையில் வாசிக்கப் போகிறார்கள். முன் வரிசையில் நூர்கலி உட்காருவார், அவருக்குப் பின்னால் கலாம்காஸ். பேச விரும்புகிற நாடு, மேசையில் படுத்திருக்கும் தன் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அதற்கு முன்னாலேயே நூர்கலி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"ஒத்துக்கிட்ட வாசகத்தச் சபையில எதுத்தா, இனிமே ஒரு குழுவும் நம்மளச் சேர்த்துக்காது. எதுத்தவங்க வேலையும் போயிடும். நான் அந்தப் பலகையத் தொட மாட்டேன்."

"சரி, நூரெக்கே."

"ஆனா எனக்கு வயசாயிடுச்சு. வாசிக்கிற நேரத்துல எழுந்து வெளிய போக வேண்டி வரலாம். அப்ப என் நாற்காலியில யார் உக்காருறாங்கன்னு நான் எப்படிப் பாக்க முடியும்?"

இதற்கு மேல் என்னிடம் நடந்த கதை இல்லை. கூட்டம் இனிமேல்தான். ஆகவே கதைக்காரனின் திமிரில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) நூர்கலி வெளியே போகிறார். கலாம்காஸ் பின் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அறிக்கையை வாசித்து முடிக்கிறார்கள். ஊர் திரும்பி அண்ணனுக்கு ஸ்விஸ் சாக்லேட்—

(ஆ) நூர்கலி வெளியே போகவே இல்லை. கடைசி நேரத்தில் அவருக்கும் பென்ஷன் நினைப்பு—

(இ) இதை நான் முழுசாக எழுதினேன், இரண்டு பக்கம். அவள் முன் நாற்காலிக்கு வருகிறாள். பலகையை நிமிர்த்துகிறாள். ‘என் அண்ணன் பகுதி இல்லை’ என்று தொடங்குகிறாள். சபை உறைகிறது. எழுதும்போது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. என் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல இரண்டு பக்கம் அதுதான்.

நேற்று அதை அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் நீளமாக மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அழிச்சிடு."

"ஏன்? நல்லா இல்லியா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் அழிக்கச் சொல்றேன். மார்ச்சுலேர்ந்து நெஞ்சுல ஒரு கல்லு உக்காந்திருந்தது. இதக் கேட்டதும் அது எறங்கிடுச்சு. எறங்கக் கூடாது. அது இல்லாம அந்த நாற்காலிக்கு நான் எப்படிப் போவேன்? படிக்கிறவங்களுக்கும் இதேதான். ‘அப்பாடா, பேசிட்டா’ன்னு புத்தகத்த மூடிட்டுத் தூங்கிடுவாங்க."

"அப்ப கதைக்கு முடிவு?"

"அண்ணனுக்கு முடிவு இருக்கா? உனக்கு மட்டும் என்ன அவசரம்?"

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன். மனசே வரவில்லை, மறைக்க மாட்டேன். (இ)யை உங்களில் யாரும் மனசுக்குள்கூட எழுதி முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் நெஞ்சு ஆறிவிடும். ஆற வேண்டாம்.

அவளுக்கு வியாழக்கிழமை ஜெனிவாவுக்கு விமானம். சாயாத்துக்கும் அன்றைக்குத்தான் அடுத்த ரத்தம் ஏற்ற வேண்டும்.