மறுபக்கத்துப் பாடகி

பம்பாய் மைத்துனர் கார்த்திகேசன் 1991இல் புதுப் பெட்டி வாங்கியபோது, பழைய டேப் ரிக்கார்டரைச் சிவசைலத்திடம் தள்ளிவிட்டார். உள்ளே ஒரு ஜாஸ் கேசட். "கஷ்டமான சங்கீதம், எல்லாருக்கும் பிடிபடாது" என்று ஒரு சீட்டு. அந்த 'எல்லாரும்' யார் என்று சிவசைலத்துக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துபவரை ஒரு கேசட் ஜெயித்துவிடுமா?

முதல் வருடம் சாக்ஸபோன் தலைவலி தந்தது. இரண்டாம் வருடம் மாத்திரை போட்டுக்கொண்டு கேட்டார். மூன்றாம் வருடம் ஒரு பிடி கிடைத்தது: தாளம் தன் பாட்டுக்குப் போகிறது, ஊதுபவர் வேண்டுமென்றே முந்தியும் பிந்தியும் அலைந்து, சரியான தட்டில் வந்து சேருகிறார். ஆனால் அவர் உருகியது வேறொன்றுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெண்குரல், இன்ன மொழியென்று தெரியாமல், மூச்சை உள்ளிழுத்து உள்ளிழுத்து முனகியது. மறுபக்கத்தை அவர் போட்டதே இல்லை. முதல் பக்கத்தில் தேறாதவன் அடுத்த வகுப்புக்குப் போவது ஒழுங்கல்ல. வேறு கேசட் போடவும் யாரையும் விடவில்லை.

"கூப்பிட்டது காதுல விழலையாக்கும்" என்பாள் மனைவி அனுராதா.

"சத்தம் போடாத. இப்பம் அவ அழப்போறா."

1998 பொங்கலுக்கு வருவதாக மைத்துனர் எழுதினார். ஏழு வருடப் படிப்பை அவர் முன் விரித்துக்காட்ட வேண்டும். பெண்குரல் தெளிவாகக் கேட்கட்டுமென்று, மேலப்பாளையம் மெக்கானிக் காஜா முகைதீனை வீட்டுக்கு வரவழைத்தார்.

காஜா ஒரு நிமிடம் கேட்டார். "சார்வாள், ஹெட்டு எறங்கிக் கெடக்கு. எத்தன வருசமா இப்பிடிக் கேக்கீங்க?"

விஷயம் இதுதான். நாடாவின் அகலத்தில் ஒரு பாதி இந்தப் பக்கம், மறுபாதி அந்தப் பக்கம். ஹெட் கொஞ்சம் நகர்ந்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும். மறுபக்கம் மட்டும் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு ஓடும். சிவசைலம் இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறார்.

காஜா ஹெட்டின் திருகாணியைப் பையத் திருப்பினார். பாடகி மறைந்தாள். கேசட்டைப் புரட்டிப் போட்டார்.

"அண்ணே, சௌக்கியமா? லெட்டர் எழுதச் சோம்பல்பட்டுப் பேசியே அனுப்புதேன்..."

அனுராதாவின் குரல். கல்யாணமான புதிதில் அண்ணன் கார்த்திகேசனுக்கு அனுப்பிய பேச்சுக் கடிதம். அண்ணன் காலியாக இருந்த பக்கத்தை வீணாக்காமல் அதில் ஜாஸைப் பதிவு செய்திருக்கிறார்.

"இவுக நல்லவுகதான். என்ன, நான் பேசுனா மட்டும் காது கேக்காது..."

காஜா கையிலிருந்த திருப்புளியைத் தரையில் தேடினார்.

"ஏழு வருசமா விடாமக் கேட்டிருக்கீங்க" என்றாள் வாசலில் நின்ற அனுராதா. "என்ன வெளங்குச்சு?"

"தாளம் கொஞ்சம் பிடிபட்டுச்சு."

"மிச்சத்தையும் உக்காந்து கேளுங்க."

உட்கார்ந்தார். அழுகை எப்போது வரும் என்று காத்திருந்தார்.

"இட்லி மாவு புளிக்கதுக்குக்கூடப் படம் போட்டு விளக்குதாக, அண்ணே..." என்றது பெட்டி, பிறகு மூச்சு முட்டச் சிரித்தது.

தலைகீழாகக் கேட்டு அவர் ஏழு வருடமாக உருகிய அழுகை அதுதான். சிவசைலம் நாடாவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டார்.