சக்கரமில்லாத வளையங்கள்

ராடோவனுக்கு எடை என்றாலே ஆகாது. சமையலறைத் தராசில் ஒவ்வொரு கொக்கியையும் நிறுத்துப் பார்த்துத்தான் பைக்குள் போடுவான். இந்த முறை இன்னும் மோசம். கூட வரும் தோழி வெண்டுலாவின் தோள் முறிந்து இப்போதுதான் கூடியிருந்தது, முழுச் சுமையும் அவன் முதுகில்தான். பாறைக்கும் பாறைக்கும் நடுவே அந்தரத்தில் கட்டி, மேலே நடக்கும் நாடாவை விறைப்பாக இழுக்க உதவும் கப்பிகள்தான் இருப்பதிலேயே கனம். அவற்றை வீட்டில் விட்டுவிட்டு, சக்கரமே இல்லாத அலுமினிய வளையங்களை எடுத்துக்கொண்டான். பிராகில் பூங்கா மரங்களில் கட்டிப் பார்த்தபோது பிரமாதமாக வேலை செய்தவைதான்.

மணற்பாறை உச்சியில் நின்று மூச்சு முட்ட இழுத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. பூங்காவில் அவனோடு சேர்ந்து இழுக்க ஐந்து தடியர்கள் இருந்தார்கள். இங்கே அவன் ஒருவன். வளையத்தில் நாடா உரசி, அவன் பலத்தில் பாதியைத் தின்றுவிட்டது.

"துணி காயப்போடற கொடி மாதிரி தொங்குது," என்றாள் வெண்டுலா.

"சிரிக்காதே. தப்பு என்னோடது. கப்பி எடுத்துட்டு நாளைக்கு வரலாம்."

"மேகத்தைப் பாரு. நனைஞ்சா இந்த மணற்கல் உதிரும், எவனும் தொடமாட்டான். அது காய ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள நான் நூறு சாக்கு கண்டுபிடிச்சுருவேன்."

அவளுக்கு உயரம் பயமில்லை. விழுந்தாலும் இடுப்புக் கயிறு பிடித்துக்கொள்ளும். ஆனால் தொங்கிக்கொண்டே இருக்க முடியாது, கையால் இழுத்து மறுபடி நாடாவுக்கு ஏற வேண்டும். அந்தத் தோள் தாங்குமா என்பதுதான் அவளைக் குளிர்காலம் முழுக்கத் தூங்கவிடாத கேள்வி. தொய்ந்த நாடாவோ யாரையும் விழவைக்காமல் விடாது.

"வேணாம் வெண்டு."

"வாயை மூடிக்கிட்டு முடிச்சைப் பாருடா."

அவள் உட்கார்ந்து, எழுந்தாள். நாடா இடமும் வலமுமாக ஆடியது. அவள் அதோடு சண்டை போடவில்லை, இடுப்பை மட்டும் தளர்த்தி அதன் போக்குக்கு விட்டாள். என்ன மாதிரிப் பெண் இவள் என்று ராடோவன் வாய் பிளந்து பார்த்தான். நடுவில் நாடா ஒரு சுண்டு சுண்டியது. அவள் விழுந்தாள்.

கீழே பைன் மரங்கள், மேலே நாடா, நடுவில் அவள் தொங்கினாள். அவளை மீட்க ராடோவன் நாடாவில் தன் கொக்கியை மாட்டிவிட்டான்.

"வந்தேன்னா உதைப்பேன்!" என்று கத்தினாள்.

கயிற்றைப் பற்றி இழுத்தாள். முகம் கோணியது. ஒரு கை மேலே, இன்னொரு கை அதற்கும் மேலே, பிறகு ஒரு கால் நாடாவைச் சுற்றிக்கொண்டது. ஏறி உட்கார்ந்ததும் காது கூசும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு எழுந்து மறுகரைப் பாறை வரை நடந்தே போனாள்.

"மன்னிச்சுடு!" என்று இங்கிருந்து கூவினான். "விறைப்பா கட்டியிருந்தா நீ விழுந்தே இருக்க மாட்டே!"

"ஆமாடா மடையா! விழாம வந்திருந்தா, நான் இன்னும் பயந்துகிட்டேதானே இருப்பேன்!"

முறிந்த பக்கத்துக் கையையே தூக்கி ஆட்டிக் காட்டினாள்.