எழுபத்திரண்டாவது அங்குலம்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு தையல்காரரின் மனைவி மறுபடி சிரித்தது ஆறாவது நாளா, எட்டாவது நாளா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரைக் கேட்டாலும் "சட்டை தைச்ச மறுநாள்" என்பார். அவருடைய காலண்டர் அப்படி.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். வலது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, விலாவிலிருந்து ஒரு குழாயும் அதன் நுனியில் நீர் சேரும் சின்னக் குடுவையும் தொங்கின. தலைவழியாகப் போடுவது ஆகாது, முன்னால் திறக்கிற சட்டைதான் வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். குடுவையை வைக்க உள்பையோடு அவரே ஒன்று தைத்தார். முப்பது வருஷமாக ஆண்களுக்கே தைத்த கை. பை தன்னால் இடது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது.

"எனக்கு வெட்டினது எந்தப் பக்கம்னு மறந்துபோச்சா?"

அவர் விழித்த விழிப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது."

"எந்தத் தையல்?"

"டாக்டர் போட்டதுதான். உங்களதா இருந்தா இந்நேரம் பிரிஞ்சிருக்கும்."

பை வலப்பக்கம் மாறியது. காலையும் மாலையும் அவளே குடுவையைக் காலி செய்து, அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடி, நீரின் அளவைக் குறித்துவைத்தாள். கைக்கடியில் தலையணை வைத்துத் தூங்கினாள். வாளியைத் தொட அவர் விடவில்லை.

குழாயை எடுத்த பிறகு, விரல்களால் சுவரில் ஏறும் பயிற்சி. இழுக்கிற இடத்தில் நின்று மூச்சுவிட வேண்டும். வலிக்கும்வரை போகக் கூடாது. பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடிக்க முடியாவிட்டால் டெப்போ ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு ஆகாது.

"கம்பி எவ்வளவு உசரம்னு அளந்துட்டு வாங்க."

டேப்போடு அவளுடைய பஸ்ஸில் ஏறினார். "பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா அண்ணே?" என்றார் டிரைவர். எழுபத்திரண்டு அங்குலம். வீட்டுச் சுவரில் அந்த உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டார்.

விரல்கள் அறுபத்தாறில் நின்றுவிட்டன. நாலு நாள், ஐந்து நாள். இழுத்ததும் நிற்பாள், மூச்சுவிடுவாள், ஒரு வார்த்தை பேசாமல் கையை இறக்குவாள். அந்தப் பேசாமையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கோட்டை அழித்து நாலு அங்குலம் கீழே போட்டார்.

வந்தவள் கோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"கோட்டை இறக்கிட்டீங்க, சரி. கம்பியையும் இறக்கிடுவீங்களா?"

பழைய இடத்திலேயே திரும்பப் போட்டார். எத்தனையோ பேரை அளந்தவர்தான். ஓர் ஆளின் உயரம் அன்றுதான் தெரிந்தது போலிருந்தது.

கோட்டைத் தொட இன்னும் ஐந்து வாரம் ஆனது. அவள் அதே பஸ்ஸில் வேலைக்குத் திரும்பினாள். தவணை தவறாமல் பரிசோதனைக்குப் போகிறாள். டிரைவர் வேறு டெப்போவுக்கு மாறிவிட்டார். நர்ஸ் அனுப்புகிற பெண்களுக்குத் தையல்காரர் உள்பை வைத்த சட்டை தைக்கிறார். எந்தப் பக்கம் என்று இரண்டு முறை கேட்டுக்கொள்கிறார். கோடு இன்னும் சுவரில் இருக்கிறது.