எழுதப்பட்டவருக்கு ஒரு பிரதி

கும்மிடிப்பூண்டி பஜாரில், சந்திரகலாவின் ஜெராக்ஸ் கடைப் பின்னறையில் அன்று நாங்கள் நான்கு பேர். மெஷினை ஒட்டிப் பேப்பர் கட்டின்மேல் இஜாஸ். எதிரே, கவிழ்த்த பெயின்ட் டப்பாவில் ராஜவேலு. கல்லா ஸ்டூலில் சந்திரகலா, பாதி திரும்பியபடி. நான் வாசற்படியில். எழுந்து போகிறவன் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும் என்றே அந்த இடத்தைப் பிடித்திருந்தேன்.

'பேஜாரு' என்ற எங்கள் பங்க் இசைப் பத்திரிகைக்கு இஜாஸும் நானும் ஆசிரியர்கள். எழுதுவது, கத்தரித்து ஒட்டுவது, ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடிப்பது, தபாலில் சேர்ப்பது எல்லாம் நாங்களே. 2004இல் வந்த நாலாவது இதழில் ராஜவேலுவைப் பேட்டி கண்டிருந்தேன். எங்கள் ஊர் பேண்டில் டிரம்ஸ் அடிப்பவன். சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் கான்ட்ராக்ட் கூலி. பாட்டைப் பற்றிக் கேட்டால், கையுறை இல்லாமல் சூட்டுக்கம்பி இழுக்கவைப்பதையும் சேர்த்துச் சொன்னான். ஆலையின் பெயரைப் போட்டேன். அவன் பெயரைப் போடவில்லை, 'டிரம்மர்' என்று மட்டும். அந்த ஆலையில் டிரம்ஸ் அடிக்கிறவன் அவன் ஒருவன்தான். இதழ் மேனேஜர் மேசையில் கிடந்ததாம். அன்று காலையில் ராஜவேலுவை ஆலை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எங்களிடம் வாங்குகிறவர்கள் சென்னைப் பையன்கள். மேனேஜருக்கு யார் கொடுத்திருப்பார்கள்? இஜாஸின் மாமா அசன் முகைதீனின் வேன்தான் அந்த ஆலைக்கு ஆள் ஏற்றுகிறது. அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

"இன்னாத்துக்கு என்னியே மொறைச்சிக்கினு கீற?" என்றான் இஜாஸ். "நான்தான் அனுப்புனேன். தபால்ல."

சந்திரகலா முழுதாகத் திரும்பினாள்.

"நீதான ரூல் போட்ட? எவனப் பத்தி எழுதுனாலும் அவனுக்கு ஒரு காப்பி போவணும்னு. மொத பக்கத்துலயே கீதே."

இருந்தது. பேண்டுகளைத் திட்டி விமர்சனம் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் பேசியதாக ஆகக்கூடாது என்று நான் வைத்த விதி.

"எங்கைல ஒரு வார்த்த சொன்னியா?" என்றேன்.

"பேண்டுக்கெல்லாம் அனுப்பசொல்லோ நீ எங்கைல கேட்டியா?"

ராஜவேலு டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்தினான். "டேய், உங்க ரூலுக்கு எம் பொழப்புதான் கெடச்சுதா? மேனேஜரு பதில் போடுவான், பாத்துக்கினு இருங்க."

"அதான் போட்டானே நைனா," என்றாள் சந்திரகலா. "கேட்டாண்டயே."

இஜாஸ் முகத்தில் பொய் தெரியவில்லை. அதுதான் உறுத்தியது. மாட்டிக்கொண்டவன் கையில் இவ்வளவு கச்சிதமான பதில் எப்படித் தயாராக இருக்கும்?

அடுத்த மாதம் அசன் முகைதீனின் இரண்டாவது வேனும் அந்த ஆலைக்கு ஓடியது. "லோன் வண்டிபா," என்றான் இஜாஸ், நான் கேட்காமலே. ராஜவேலு பழவேற்காட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கப் போய்க்கொண்டிருந்தான்.

ஐந்தாவது இதழின் நடுப்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன்: ராஜவேலு வேலை இழந்தது, என் விதி, இரண்டாவது வேன், என் சந்தேகம். இஜாஸ் சென்னைக்குப் போயிருந்த நாளில் ஜெராக்ஸ் எடுத்தேன். சந்திரகலா தாள்களை அடுக்கிக்கொண்டே படித்தாள்.

"இத அவனுக்கும் அனுப்புவியா?"

"ரூல் அதுதானே."

ஒவ்வொரு இதழையும் முதலில் படிப்பவன் இஜாஸ். இந்த முறை, காட்டு என்றுகூட அவன் கேட்கவில்லை.

தபாலாபீஸ் மேசையில் வழக்கம்போல் நான் விலாசம் எழுத, அவன் பசை தடவி ஒட்டினான். அவன் பெயருக்கான கவரை வீட்டிலேயே எழுதி, விலாசம் கீழே இருக்கும்படி அடியில் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் முடிந்து அதை எடுத்தான். பசை தடவினான். மடிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலால் அழுத்தினான், மற்றவற்றைவிட மெதுவாக. திருப்பிப் பார்க்கவில்லை.

"போட்டுடு," என்று நீட்டினான்.

சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் விட்டேன். கவரின் விளிம்பில், இன்னும் காயாத பசையில், அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.